கொக்கி விரல்

கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி மறுபடியும் நழுவிவிட்டது. துலுக்கானம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மண்ணூர்பேட்டையில் அந்தத் தெருவில் யார் செத்தாலும் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்கிற மனிதர். இந்த வேலையில் அவர் கை தடுமாறி யாரும் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரி கட்டு தடுக்குதும்மா. அவுத்துடட்டா?" என்றார்.

கேட்டது செத்தவனின் அக்கா ஜெகதாம்பாளிடம். பெண்டாட்டிக்காரி பூங்காவனம் சுவரோரம் துவண்டு கிடந்தாள். அவளிடம் கேட்டுப் பயனில்லை. அதோடு, தன் கல்யாணம் ஆன கையோடு தாய் போய்விட, தம்பி தேவராஜைத் தூக்கி வளர்த்தவள் ஜெகதாம்பாள்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

"அவுத்துடு அண்ணாத்தே. இன்னா வலிக்கவா போவுது" என்றாள்.

துலுக்கானம் வலது காலின் பேண்டேஜைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். மஞ்சள் மருந்தும் ரத்தமும் காய்ந்த பஞ்சு கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் அங்கே இல்லை. கறுப்பு நூலில் தையல் மட்டும் இருந்தது. இடது காலில் அதே விரல், கட்டைவிரலைத் தாண்டி அரை விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

ஜெகதாம்பாள் தன் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அது அவள் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. அவளைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அப்படியே ஊறிப்போன பழக்கம்.

இந்தமுறை கட்டு நின்றது.

தேவராஜோடு இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் வேலை செய்த தங்கவேல் வாசற்படியில் உட்கார்ந்து, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். "எட்டாம் நம்பர் பூட்ஸு குடுத்தாங்கக்கா. இவன் ஒம்போது கேட்டான். ஸ்டோர்ல காலை பலகை மேல வெச்சி, கட்டைவிரல் வரைக்கும் பாத்துட்டு, உனுக்கு எட்டுதான்யான்னு அனுப்பிட்டாங்க. முனையில வெரலு முட்டிகினே கீதுடான்னு டெய்லி சொல்லுவான். நகம் கறுத்துப்போச்சி. அப்பால புண்ணு. உள்ளாற சுகரு இருந்தது எவனுக்குத் தெரியும்? வெரலை எடுத்தா சரியாப்பூடும்னாங்க. வெசம் மேல ஏறிடுச்சி."

ஜெகதாம்பாளுக்கு இதெல்லாம் பாதி தெரியும். மீதியை யாரும் சொல்லாமலே தெரியும்.

அவள் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மாத்திரை பேக்கிங் கம்பெனிக்குப் போகிறவள். அங்கே வெள்ளை கேன்வாஸ் ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பொம்பளை ஷூ எது போட்டாலும் அந்த விரல் மடங்கியும் முனையில் இடித்தது. ஆவடி மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய், கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல், ஆம்பளை ஷூ ஒன்று வாங்கிவந்தாள். அளவைக் கட்டைவிரலில் பார்க்கக்கூடாது, அடுத்த விரலில் பார்க்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் காலில் ஆணி என்று சொல்லிவிடுவாள்.

போன மாசம் தம்பி வீட்டுக்கு அவள் வந்திருந்தபோது அவன் நொண்டினான்.

"இன்னாடா நொண்டுற?"

"பூட்ஸு கடிக்குதுக்கா."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டோர்காரன் கிடக்கிறான், நீ வெளியில் ஒன்பதாம் நம்பர் வாங்கிப் போடு, நம்ம காலுக்கு அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். 'நம்ம காலு' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. பக்கத்தில் பூங்காவனம் இருந்தாள். தாழ்வாரத்தில் ஜெகதாம்பாளின் புருஷன் வீராசாமியும் இருந்தான். "மஞ்சா வெச்சி கட்டுடா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கட்டைவிரலை விட அடுத்த விரல் நீண்ட பெண் புருஷனை முழுங்கிவிடுவாள் என்பது அவர்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிற பேச்சு. ஆம்பளைக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆம்பளை காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பொண்ணு பார்க்க வீராசாமி வீட்டார் வந்தபோது, அம்மா காதோரம் வந்து, "வெரலை மடக்கிக்கோடி" என்றாள். மடக்கினாள். அம்மி மிதித்து மெட்டி போடும்போதும் மடக்கியே வைத்திருந்தாள். அப்புறம் நிமிர்த்த நேரமே வரவில்லை. விரல் அப்படியே வளைந்து இறுகிப்போனது. வீராசாமி குடித்துவிட்டு வந்தால் "ஏ, கொக்கி" என்று கூப்பிடுவான். கொக்கிக்குப் பின்னால் இருக்கிற நீளம் அவனுக்குத் தெரியாது. வேலை போனதற்கும், மழையில் கூரை ஒழுகுவதற்கும் அவளையே காரணம் சொல்கிற ஆளுக்கு அதுவும் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான்.

பகல் ஏற ஏற பொம்பளைகள் வந்து சேர்ந்தார்கள். நெமிலிச்சேரியிலிருந்து பூங்காவனத்தின் ஆட்கள் வந்தார்கள். ஜெகதாம்பாளின் பெரியப்பா வழியில் தாயம்மா வந்தாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழ அழ, ஜெகதாம்பாளின் நெஞ்சு கிழிந்தது. பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. பசி தாங்கமாட்டான். இப்போது அந்த வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். எங்கே தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பாட்டு போகிற போக்கில் அது வந்து விழுந்தது.

"நீட்டு வெரலு ஊட்டுக்குள்ள வந்து நொழைஞ்சிச்சே, ராசா! நின்ன மரத்த முழுங்கிப்புட்டு நிக்கிதே, ராசா!"

பொம்பளைகளின் பார்வை ஒவ்வொன்றாகப் பூங்காவனத்தின் காலுக்குப் போனது. மெட்டி போட்ட அவள் விரல் ஒளிக்காமல், மறைக்காமல், நீண்டே இருந்தது. பூங்காவனம் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நாத்தனாரைத்தான் பார்த்தாள்.

"இன்னா அண்ணி சொல்லிட்ட?" என்றாள் மெதுவாக. "எனுக்கும் உனுக்கும் ஒரே காலுடி, செருப்ப மாத்திப் போட்டுக்கலாம்னு அவரு எத்தினி வாட்டி சிரிச்சிருக்காரு... நீ போய் சொல்றியே."

ஜெகதாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூட்ஸைச் சொன்னால் தம்பியின் விரலைச் சொல்ல வேண்டும். தம்பியின் விரலைச் சொன்னால் தன் விரல் வெளியே வரும். அதற்குப் பதிலாக இவளைச் சொல்லிவிட்டாள். சொன்னது தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனால் சாவு வீட்டில் விழுந்த சொல்லை யார் பொறுக்கி எடுப்பது?

தாயம்மா அதை எடுத்துக்கொண்டாள். மூக்கைச் சிந்தியபடி, அறைக்குள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்த பெண்ணைப் பார்த்தாள். தேவராஜின் மகள் வேம்பு. நாலாங்கிளாஸ் படிக்கிறாள்.

"பொண்ணுக்கும் அதே வெரலு, பாருங்கடி" என்றாள் தாயம்மா. "நாளைக்கு இத்த எவன் தலையில கட்டுறது?"

அவள் அதை மெல்லத்தான் சொன்னாள். ஆனாலும் வேம்புவுக்குக் கேட்டுவிட்டது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே விரல்களை உள்ளே மடக்கினாள். மடக்கியபடி, குதிகாலில் எட்டு வைத்து, டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சிமெண்ட் தரையில் தடுமாறித் தண்ணீர் சிந்தியது. யாரோ, "பாத்து வாடி" என்றார்கள்.

அந்த நடையை ஜெகதாம்பாளுக்கு நன்றாகத் தெரியும். தாம்பாளத்தில் வெற்றிலையை ஏந்திக்கொண்டு வீராசாமி வீட்டார் முன்னால் அவள் அப்படித்தான் நடந்தாள்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. தம்பி போய்விட்டான், இனி அவனுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்தப் பெண் இன்னும் கால் முழுக்க நடக்க வேண்டியவள். ஜெகதாம்பாள் ஒரு வார்த்தை விட்டாள். அது அவன் குழந்தையின் காலில் போய் ஏறிக்கொண்டது.

வெளியே மேளம் வேகம் எடுத்தது. எடுக்கிற நேரம் வந்துவிட்டது என்று துலுக்கானம் குரல் கொடுத்தார். வாய்க்கரிசி போடப் பொம்பளைகள் எழுந்தார்கள். வேம்பு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். தாயம்மா அவள் தோளைத் தொட்டு, "நீ பின்னாடி நில்லுடி" என்றாள்.

ஜெகதாம்பாள் தம்பியின் காலருகே பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முப்பது வருஷமாக யார் முன்னாலும் நீட்டாத காலை நீட்டினாள். தம்பியின் இடது காலை ஒட்டி வைத்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றாள்.

விரல் கொக்கியாகவே இருந்தது. நீட்ட நினைத்தால் நீளவில்லை. மெட்டியைப் பிடித்து இழுத்தாள். புருஷன் இருக்கும்போதே மெட்டியைக் கழற்றுகிறாளே என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள். மெட்டி உருண்டு போனது. ஜெகதாம்பாள் இரண்டு கையாலும் விரலைப் பிடித்து அழுத்தி நிமிர்த்தினாள். கணுவில் சொடக்கு விழுந்தது. வலியில் அவள் பல்லைக் கடித்தாள். அழுத்திப் பிடித்திருந்த வரையில் அது தம்பியின் விரலோடு சரிசமமாக நின்றது.

"எங்கம்மாவுக்கு இருந்துச்சி. எனுக்குக் கீது. இவனுக்கும் கீது. இது எங்க ஊட்டு வெரலு. இவ கொண்டாரல." பூங்காவனத்தைக் கையால் காட்டினாள். "நான் முழுங்கறவளா இருந்தா மொதல்ல எத்த முழுங்கியிருக்கணும்? அதோ, பந்தல்ல குந்திகினு பீடி வலிச்சிகினு கீறாரு பாரு. ஒண்ணும் ஆவல. கல்லாட்டம் கீறாரு!"

வாசலில் தங்கவேல் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். சாவு வீட்டில் அவனுக்கு அது வெட்கமாக இருந்தது.

"என் தம்பிய முழுங்கினது அந்தப் பூட்ஸு" என்றாள் ஜெகதாம்பாள். குரல் உடைந்தது. "அளவு எப்பிடி பாக்கணும்னு எனுக்குத் தெரியும். நான் சொல்லல."

வீராசாமி பீடியைத் தரையில் தேய்த்தான். எழுந்து ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தான். "ஓஹோ" என்றான். "ஊட்டுக்கு வா. பேசிக்கிறேன்."

தாயம்மாவிடம் அதற்கும் பதில் இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம், "அதான் இவளுக்கு இப்பிடி ஒரு புருசன் வாச்சான்" என்றாள். அந்த விரலுக்கு எப்படியும் ஒரு பலன் சொல்லியாக வேண்டும் அவளுக்கு. ஆனால் வேம்புவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பூங்காவனம் மகளை முன்னால் இழுத்து, அவள் உள்ளங்கையில் அரிசியைக் கொட்டினாள். "நைனாவுக்குப் போடு" என்றாள். வேம்பு போட்டாள்.

பிறகு எல்லாம் சட்டென்று நடந்தது. தூக்கினார்கள். பூங்காவனம் வாசல்வரை விழுந்தடித்து ஓடினாள். பட்டாசு வெடித்தது. மேளம் எஸ்டேட் ரோட்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. தெருவில் சாமந்திப் பூ மட்டும் சிதறிக் கிடந்தது.

வீட்டைக் கழுவிவிட்டுப் பொம்பளைகள் கைப்பம்படியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஜெகதாம்பாள் பம்பை அடித்தாள், பூங்காவனம் மகளை நிறுத்திக் குளிப்பாட்டினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை பூங்காவனத்தின் கையிலிருந்து சொம்பு நழுவியபோது ஜெகதாம்பாள் எடுத்துக் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஈரப் புடவையோடு உள்ளே வந்தபோது, காய்ந்திருந்த சிமெண்ட் தரையில் கால் தடங்கள் விழுந்தன. வேம்பு நின்று பார்த்தாள். வாசலிலிருந்து விளக்கு வைத்த மூலைவரை அத்தையின் தடம் போயிருந்தது. ஒவ்வொன்றிலும் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வெறும் இடம்.

"அத்தே, உனுக்கு ஒரு வெரலு விழல" என்றாள்.

"விழாது" என்றாள் ஜெகதாம்பாள். "அது தரையில பட்டு ரொம்ப நாளாச்சி."

தெருமுனையிலிருந்து வீராசாமி கூப்பிட்டான். அவர்கள் வீட்டுப் பக்கம் போகிற வெள்ளானூர் பஸ் வந்துவிடுமாம். அவன் மறுபடியும் கூப்பிட்டான், இந்தமுறை பேரைச் சொல்லவில்லை. ஜெகதாம்பாள் முந்தானையைப் பிழிந்தாள். காய்ந்த புடவை மாற்றிக்கொள்ளவில்லை. காலையில் சுவரோரம் கழற்றிப் போட்டிருந்த கேன்வாஸ் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படி இறங்கினாள்.

வேம்பு குனிந்து தன் தடத்தைத் தேடினாள். குதிகால் மட்டும் பதிந்திருந்தது. அவள் இன்னும் விரல்களை மடக்கித்தான் வைத்திருந்தாள். அத்தை போன பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கி, ஐந்து விரலையும் பரப்பி, தரையில் அழுத்தி வைத்தாள்.

ஈரம் காய்ந்துகொண்டு வந்தது. அவள் காலை எடுக்கவில்லை.