முன்கதவுக்காரி

“‘அந்தம்மா துடைச்சா எனக்குத் தோல் உரியுது. துணி வச்சுத் துடைக்காங்களா, தேங்கா நார் வச்சுத் தேய்க்காங்களா? இனிமே அவங்க என் பக்கம் வரவேண்டாம்.’ இப்படித்தான் சொன்னா. நான் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல,” என்றார் லியோன்.

“அந்தம்மாவா? நான் அவளுக்கு அந்தம்மாவா?” என்றாள் அவர் மனைவி ஜெசிந்தா.

“அவ வயசுக்கு...”

“அவ வயசு என்ன வயசு? அது என் வயசு. என் இருபத்தொன்பதை எடுத்து வச்சுக்கிட்டு என்னையே அந்தம்மாங்கா. நீங்களும் நின்னு கேட்டுட்டு வந்து, வேதபாடம் மாதிரி ஒப்பிக்கீங்க.”

லியோன் ஈரத் துணியை நாலாக மடித்து, மடிப்பை நீவி, கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். இருபத்திரண்டு வருடமாக அவர்கள் வீட்டுச் சண்டைகள் குளியலறைத் தாழ்ப்பாளில்தான் முடிகின்றன.

காரின் முன்பக்க இடது கதவில் இருப்பவளைப் பற்றிய சண்டை அது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கார் வீட்டுக்கு வந்த அன்று, பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனதும், லியோன் முதல் கோட் மெழுகைப் பூச ஆரம்பித்தார். ஜெசிந்தா அந்தக் கதவின் முன்னால் நின்று, கருநீல பெயின்ட்டில் தன் பச்சை ஷிஃபான் சேலை எப்படித் தெரிகிறது என்று பார்த்தாள். தோளில் கைப்பை. மெழுகு காய்ந்து வெளுத்து, லியோன் அதைத் துடைத்து எடுத்தபோது ஜெசிந்தா அடுப்பில் பாலை வைக்க உள்ளே போய்விட்டிருந்தாள். கதவில் இருந்தவள் போகவில்லை.

தூத்துக்குடியில் இது நடப்பதுதான். உப்புக்காற்று பெயின்ட்டைத் தின்கிற ஊர். மெழுகு பூசாவிட்டால் ஆறு வருடத்தில் தகரம் தெரிந்துவிடும். பூசினால், அந்த நேரத்தில் எதிரே நிற்கிறவர் தங்கிவிடுவார். இரண்டில் ஒன்றைச் சகித்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு கிளாடிஸ் அக்காவின் ஸ்கூட்டர் மட்கார்டில் ஓர் ஆட்டின் முன்பாதி இருக்கிறது. அடுத்த தெரு டாக்டரின் கார் டிக்கியில், அந்த வண்டியை அவர் தலையில் கட்டிய புரோக்கர் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பைபாஸில் உள்ள வாட்டர் சர்வீஸில் போர்டே மாட்டியிருக்கிறார்கள்: ‘கழுவும்போது அழியும் நபர்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’

கார் வந்த அன்று லியோன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் தூரப் பயணம் கொடைக்கானல். ஜெசிந்தா போர்டிங்கில் தங்கிப் படித்த கான்வென்ட்டின் வாசலில் இந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கைப்பை. மலைப்பாதையில் தலை சுற்றாமல் இருக்க ஒரு பொட்டலம் பெப்பர்மின்ட்டைக்கூட அதில் போட்டு வைத்திருந்தாள்.

போகவில்லை. மலைப்பாதையில் ஜல்லி தெறிக்கும் என்றார். மழை விடட்டும் என்றார். மழை விட்டதும், குரங்குகள் பானெட்டில் ஏறி உட்காரும், அதற்கு நகம் இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில்வரை போய்விட்டு வரும். அவ்வளவுதான் அந்தக் கார் கண்ட உலகம். அதிலும் ஜெசிந்தாவுக்குப் பின் சீட். முன் கதவைத் திறந்தால் கைப்பிடியில் நகம் பட்டுக் கீறும், கதவில் இருப்பவளுக்குக் கூசும் என்று லியோன் அதைத் திறப்பதே இல்லை.

பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி. இரண்டும் கலந்தால் மண் கீறிவிடும். முதலில் கூரை, கடைசியில் டயர். நேர்கோட்டில்தான் துடைப்பார், வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் வளையம் வளையமாகத் தெரியும் என்பார். முன்கதவுக்கு வரும்போது முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

“எப்ப கிளம்புதோம்?” என்பாள் கதவில் இருப்பவள்.

“அடுத்த வாரம்,” என்பார் லியோன்.

ஜெசிந்தா சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தக் கதவுக்காரியின் அழகு பெரிதில்லை. எந்த இடுப்பும் இருபத்தொன்பதில் அப்படித்தான் இருக்கும். அந்த ‘அடுத்த வாரம்’தான் தாங்காது. அந்தக் குரல் ஒரு காலத்தில் அவளுக்கானது. கதவுக்காரி ஒவ்வொரு வாரமும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டாள். அவரும் முதல்முறை சொல்வதுபோலச் சொன்னார். ஜெசிந்தா ஒன்பதாவது வருடத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அவருக்குத்தான் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாளே.

‘அந்தம்மா’வைத் திங்களும் செவ்வாயும் மென்று பார்த்தாள். விழுங்க முடியவில்லை. புதன்கிழமை காலை லியோன் பஸ் ஏறி ஷிப்பிங் ஆபீசுக்குப் போனதும், குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பை வாளியில் தாராளமாக ஊற்றி நுரைக்க நுரைக்கக் கலக்கினாள். எண்ணெய்ச் சட்டியையே வெளுக்க வைக்கிற சோப்புக்கு மெழுகு எம்மாத்திரம். அரை மணி நேரத்தில் கதவு வெறும் கதவாகிவிடும்.

போர்டிகோவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்பாஞ்சை முக்கிப் பிழிந்தாள்.

“ஆன்ட்டி,” என்றாள் கதவுக்காரி.

“ஆன்ட்டியா? உன் இடது தோள்ல இருக்க மச்சம் எனக்கும் இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடு.”

“பெரியவங்களைப் பேர் சொல்லக் கூடாதுன்னு கான்வென்ட்ல சிஸ்டர் ஜெர்த்ரூத் சொல்லியிருக்காங்க.”

“அதை எனக்கும்தான் சொன்னாங்க. நான் அடி வேற வாங்கியிருக்கேன்.”

கதவுக்காரி வாளியைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள். பிறகு அவசரமாகச் சேலை முந்தானையைச் சரிசெய்து, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“புதன்கிழமையிலே கழுவுதீங்க. அப்ப இன்னைக்குத்தான் கிளம்புதோமா? நான் ரெடி, ஆன்ட்டி.”

ஜெசிந்தாவின் கையிலிருந்த ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. அந்தக் கைப்பையில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சீப்பு, ஜெபமாலை, சிஸ்டருக்குக் கொடுக்க வாங்கிய கைக்குட்டை டப்பா, பெப்பர்மின்ட். அவளுடைய பெப்பர்மின்ட்டை எறும்பு தின்று இருபத்தோரு வருடம் ஆகிறது. இவள் இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

ஸ்பாஞ்சை வாளியில் போட்டாள்.

“நீ கொடைக்கானல் போயிட்டு வந்தாச்சு,” என்றாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும். பரிகாரமாக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்வார். பரவாயில்லை, கட்டுப்படியாகும்.

“எப்ப?”

“காலைல கருக்கல்ல கிளம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பிட்டீங்க. அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தாரு. பிரவுன் கலர். நான் எடுத்துக் குடுத்து அவர் ஒருநாளும் போடாத ஸ்வெட்டர்.”

“எனக்கு ஏன் ஞாபகம் இல்ல?”

“இனிமேதான் வரும். குறுக்கே பேசாம கேளு.”

கதவுக்காரி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஜெசிந்தா சொன்னாள். சொல்லச் சொல்லத்தான், எவ்வளவு வருடமாக இதைத் தயாராக வைத்திருந்தாள் என்பது தெரிந்தது. ஓர் இடத்திலும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோவில்பட்டியில் காபி. அவர் கிளாசைக் காருக்குள் கொண்டுவர விடாமல் வெளியிலேயே நின்று குடிக்க வைத்தது. வத்தலகுண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது. பதினோராவது வளைவில் ஒரு கல் தெறித்துக் கதவின் அடியில் பட்டது. ‘பட்டா படட்டும்’ என்று அவர் சொன்னது.

“அப்படியா சொன்னாரு?”

“அப்படித்தான் சொன்னாரு. வண்டியைக்கூட நிறுத்தல.”

கதவுக்காரி சிறிது நேரம் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “நான் எங்க உக்காந்திருந்தேன்?”

“முன்னால. அவருக்குப் பக்கத்துல. அவரே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டாரு.”

“பின் சீட்டுல?”

“பின் சீட்டுல யாரு உக்காருவா? ஃபிளாஸ்க், குடை, இட்லி டப்பா, ரெண்டு பை. இண்டு இடுக்கு இல்லாம அடைச்சாச்சு.”

பனியைச் சொன்னாள். மேலே போன பிறகு முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னாள். கான்வென்ட் கேட்டில் கார் நின்றதும் சிஸ்டர் ஜெர்த்ரூத் குடையோடு இறங்கி வந்ததைச் சொன்னாள். சிஸ்டர் இறந்து எட்டு வருடமாகிறது. அதை எதற்கு இவளிடம் சொல்வது?

“என்னைப் பாத்ததும் என்ன சொன்னாங்க?”

“வேற என்ன சொல்லுவாங்க? முதுகை நிமித்துன்னாங்க. அப்புறம் காரைச் சுத்தி ஒரு நடை நடந்து பாத்துட்டு, அவங்க கையாலேயே ஒரு பிளம் கேக் கட்டிக் குடுத்தாங்க. பெரிசு.”

கதவுக்காரி முதுகை நிமிர்த்தினாள். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

“தேங்க்ஸ், ஜெசிந்தா,” என்றாள்.

ஜெசிந்தா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பருப்பைக் கடைந்து, தாளித்து, சாளை மீனைப் பொரித்துவிட்டு வெளியே வந்து பார்த்தபோது போர்டிகோ காலியாக இருந்தது.

கார் நகர்வதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அப்போது அவளும் அதோடு போய்விடுவதால் அந்த இடத்தை ஆற அமரப் பெருக்கியதே இல்லை. விளக்குமாற்றை எடுத்து வந்து பெருக்கினாள். இரண்டு கிளிப்பு, ஒரு செருப்பு வார், காய்ந்த மெழுகு உருண்டை ஒன்று கிடந்தன. எதிர்வீட்டு வாசலில் நின்ற கிளாடிஸ் அக்கா, “என்ன ஜெசி, காரைக் காணும்?” என்று கேட்டாள்.

“கொடைக்கானல் போயிருக்கு, அக்கா.”

“நல்ல சீசன்தான்,” என்றாள் கிளாடிஸ் அக்கா.

இரண்டு மணிக்கு லியோனின் ஆபீசிலிருந்து போன் வந்தது. சார் லீவே சொல்லவில்லையே என்றார்கள்.

“கொடைக்கானல் போயிருக்காரு.”

“எப்ப வருவார், மேடம்?”

“ஆறு மணிக்கு. ஆறுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

ஆறு மணிக்கு கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கார் சக்கரத்தில் செம்மண் அப்பியிருந்தது. வைப்பரில் ஒரு யூகலிப்டஸ் இலை. ஓடிய கணக்கு காட்டுகிற மீட்டரில் ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கூடியிருந்தது. முன்கதவின் அடியில், ஜெசிந்தா சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு ஒரு கீறல் இருந்தது.

லியோன் பிரவுன் ஸ்வெட்டரோடு இறங்கினார். பின் சீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கையும் குடையையும் இட்லி டப்பாவையும் இரண்டு பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வாசல் திண்டில் வைத்தார். கடைசியாக ஒரு கேக் பொட்டலம். கட்டு அவிழ்ந்திருந்தது. இரண்டு துண்டு வெட்டி எடுத்திருந்தார்கள்.

“பனி ஜாஸ்தி,” என்றார். “முன்னால போற பஸ்ஸோட லைட் மட்டும்தான் தெரிஞ்சுது.”

“சிவப்பு லைட்டு.”

“ஆமா. சிஸ்டர் நல்லாருக்காங்க.”

“என்னைக் கேட்டாங்களா?”

லியோன் யோசித்தார். “அவதான் பக்கத்துலேயே நின்னாளே,” என்றார்.

வேட்டிக்கு மாறி வந்து, இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்தார். புதன்கிழமைதான், ஆனால் செம்மண்ணை ஞாயிறுவரை விட்டால் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும். முதலில் கூரை. பிறகு கண்ணாடி. போர்டிகோ விளக்கைப் போட்டுவிட்டு ஜெசிந்தா முக்காலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்.

முன்கதவில் கதவுக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். குளிரில் மூக்கு நுனி சிவந்திருந்தது. கைப்பை வாயைத் திறந்தபடி மடியில் கிடந்தது. காலடியில் பெப்பர்மின்ட் தாள்கள். இனி அவள் எதையும் கேட்க மாட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது. லியோன் அவளை எழுப்பாமல், கீறலைச் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்தார்.

பின்கதவில் மெழுகைப் பூசிக் காயவிட்டார். வெளுத்ததும் துடைத்தார். வெளுப்பு போகவில்லை. வேறு துணியை எடுத்துத் துடைத்தார். அப்போதும் போகவில்லை.

“இது மெழுகு இல்ல. பனி,” என்றார். துணியை அலசப் போட்டுவிட்டு மறுபடி முன்கதவுக்குத் திரும்பினார்.

ஜெசிந்தா பின்கதவின் முன்னால் போய் நின்றாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கதவில் போர்டிகோ இல்லை, தெரு இல்லை, அவளும் இல்லை. ஒரு கதவு நிறையப் பனி, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

“ஏங்க,” என்றாள். “அடுத்த தடவை போகும்போது அந்த ஃபிளாஸ்க்கையும் பையையும் காலடியில வச்சிக்கிடலாம். பின் சீட்டுல எனக்கு ஒரு இடம் போடுங்க.”

முன்கதவில் துணி நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது.