இருபது பச்சை வட்டங்கள்

எண்பத்திரண்டாம் வருடம் கோந்த்வா பக்கத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பசுமை நகரத்தை இனி மக்களே சேர்ந்து திட்டமிட வேண்டுமாம். எங்கெங்கே மரம் என்று வரைந்து, எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டு அனுப்பினால் கன்றுகள் இலவசம். வரைபடத்தில் இல்லாத மரம் ஆக்கிரமிப்பு, வெட்டப்படும்.

அங்கே குடியிருந்த வேதமணி ராணுவ டிப்போவில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். அதனால் வேலை அவன் தலையில் விழுந்தது. இருபது வீட்டு வாசலுக்கும் இருபது பச்சை வட்டங்களை ஒரே மாலையில் போட்டு முடித்தான். மனைவி ஈனிட் இறந்து எட்டு மாதம். மாலைகளுக்குப் பஞ்சமில்லை.

இருபதில் ஒன்றுதான் ஏற்கெனவே நின்ற மரம்: அவன் வாசல் குல்மொஹர். அதை ஈனிட் திட்டாத நாளில்லை. உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டே திட்டுவாள். அலுவலகத்தின் பழைய படத்தில் அது இல்லை. புதுப் படம் போய்ச் சேராவிட்டால் மரமும் போய்விடும்.

கையெழுத்துக்கு முதலில் பட்டு மாமி வீட்டுக்குப் போனான்.

"மரம் வேண்டாம்னு யார் சொன்னா? என் வாசல்ல வேண்டாம். காக்கா உக்காரும், அப்பளம் உலர்த்த முடியாது. சரசா வாசல்ல ரெண்டா போட்டுடு."

ஒரு வட்டத்தை அழித்தான். மாமி கையெழுத்திட்டாள்.

"ஏங்க, வேர் வந்து சுவரைத் தள்ளினா பட்டு மாமியா கட்டித் தருவாங்க?" என்றாள் சரசா. இன்னொரு வட்டம் போயிற்று.

கடிதம் வந்ததும் கூடிய குடியிருப்புக் கூட்டத்தில் பசுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர் பத்மநாபன். "அந்த இடத்துல ஸ்கூட்டர் நிக்கணுமேப்பா."

"உங்ககிட்ட ஸ்கூட்டர் இல்லையே, சார்."

"ஏழு வருஷம் முன்னாடியே புக் பண்ணியாச்சு. வந்தா எங்க நிறுத்தறது?"

வராத ஸ்கூட்டருக்காக வேதமணி ரப்பரை எடுத்தான்.

கடைசியாகக் குடியிருப்புச் செயலாளர் வெங்கடேஸ்வரன். "எல்லாரும் வேண்டாம்னப்புறம் நான் மட்டும் வச்சுண்டா நன்னாவா இருக்கும்?"

இருபது கையெழுத்து, ஒரு வட்டம்.

அலுவலக அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே மரமா?" என்றார் மராத்தியில்.

"எல்லாரும் ஒத்துக்கொண்டது அவ்வளவுதான், சாகேப்."

"ஆட்சேபணை?"

"யாருக்கும் இல்லை."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஆட்சேபணை இல்லாத திட்டத்தை அவர் அதுவரை கண்டதில்லை. முத்திரை குத்தி, மக்கள் ஒத்துழைப்புக்கு முன்மாதிரி என்று ஓரத்தில் எழுதினார். மரம் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம். மே மாத வெயில். இருபது வீட்டாரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு குல்மொஹர் அடிக்கு வந்தார்கள். பத்மநாபன் பசுமையைப் பற்றிப் பேசினார். நிழல் எல்லாருக்கும் போதவில்லை. மரத்து வீட்டுக்காரர் என்ற முறையில் வேதமணி சற்றுத் தள்ளி உட்கார வேண்டும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது.

வேதமணியும் கை தூக்கியிருந்தான். நாற்காலியை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனான்.