கடல் தாண்டி வந்த பெட்டி

பட்டாளத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று பேயாண்டி ஊர் திரும்பினான். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, இன்னொரு கறுப்புப் பெட்டி. தகரப் பெட்டியை உசிலம்பட்டி போகும், கரி எரித்து ஓடும் பஸ்ஸின் கூரையில் தூக்கிப் போட்டான். கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். அது மடிக்குள் அடங்கவில்லை. ஒரு முனை அவன் தாடையை இடித்தது, மறுமுனை பக்கத்தில் இருந்த வெற்றிலை வியாபாரியின் விலாவில் குத்தியது.

"மேல போட வேண்டியதுதானப்பா?"

"அதை மேல போடக்கூடாது."

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு இடம்?"

பேயாண்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே இருந்தது கிட்டார். எகிப்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், முகாமில் அடைபட்டிருந்த ஓர் இத்தாலிக்காரனிடம் சிகரெட்டைக் கொடுத்து வாங்கியது. இத்தாலிக்காரன் ஒரே ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்தான். அதையும் முழுதாகச் சொல்லித் தருவதற்குள் அவனை வேறு முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். கூடாரத்தில் இருந்தவர்கள் பேயாண்டியை விடவில்லை. அதன் தோளையும் இடுப்பையும் காட்டி, "குடும்பம் நல்லா இருக்காடா?" என்று கேட்பார்கள். அப்போதே அவனுக்குக் காது சிவந்துவிடும். ஆனாலும் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஊரை நினைத்தால் இன்னும் மோசம். அவன் ஊரில் மேளம் என்பது ஆள் வைத்து அடிப்பது. நல்லதற்கும் கெட்டதற்கும் அடிக்கச் சொல்வார்கள், அடித்து முடித்தவனைப் பந்தியில் மட்டும் சேர்க்க மாட்டார்கள். அந்த ஊருக்குள், சண்டைக்குப் போனவன் ஒரு வாத்தியத்தோடு வந்து இறங்கினால் என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பேச்சைத் தாய்மாமன் சோணையும் கேட்பார். சோணையின் மகள் ஒச்சாயிதான் அவனுக்கு முறைப்பெண். அவளுக்காகத்தான் அவன் உயிரோடு திரும்பி வந்திருந்தான் என்று சொல்ல முடியாது. குண்டு அவன் இருந்த பக்கமே வரவில்லை. ஆனால் வந்ததும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தான்.

ஆகவே, பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்வதில்லை என முடிவு செய்தான். அங்கேதான் தப்பு நடந்தது.

ஆலங்கரைப்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் சாமி சிலையில் இருப்பதைவிடப் பெட்டியில் இருப்பது அதிகம். ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு பெட்டி. உள்ளே சாமியின் துணிமணி, சலங்கை என்று ஏதாவது இருக்கும். மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு அதைத் தலையில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு திறப்பார்கள். மற்ற நாளில் அதைத் தரையில் வைக்கக்கூடாது. பொம்பளை கை படக்கூடாது. திறக்கக்கூடாது. உள்ளே என்ன என்று கேட்கவே கூடாது.

பேயாண்டி வீட்டுக்குள் நுழைந்ததும் கறுப்புப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினான். மண் தரையின் ஈரம் மரத்துக்கு ஆகாது.

"ஆத்தா, இதைத் தொடாதே. தொறக்காதே. என்னான்னும் கேக்காதே" என்றான்.

இருளாயி மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து பரணுக்கு நேர்கீழே நின்று கும்பிட்டாள்.

மறுநாள் ஒரு கோழி பரணில் தாவிப் பெட்டிமேல் விழுந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. இருளாயி விளக்கு மாடத்தைத் துடைத்து விளக்கேற்றினாள். பொழுது சாய்வதற்குள் கோடாங்கி கருத்தக்கண்ணன் வந்துவிட்டார். உடுக்கடித்துக் குறி சொல்வதும், ஊர்ச் சாமிப் பெட்டியைக் காப்பதும் அவர்தான்.

"கடல் தாண்டி வந்திருக்கு" என்றார் பரணைப் பார்த்து. "எந்தச் சாமி, தம்பி?"

பேயாண்டி வாயைத் திறந்தான். 'சாமி இல்லை, வாசிக்கிற சாமான்' என்று சொல்ல வேண்டியதுதான். எட்டிப் பார்க்கும் தலைகளைக் கவனித்தான். வாயை மூடிக்கொண்டான்.

"சொல்ல மாட்டான்" என்றார் கருத்தக்கண்ணன் திருப்தியாக. "சொல்லக்கூடாது. மொறை தெரிஞ்ச பய."

அதற்குப்பின் வாரம் தவறாமல் கோழி வந்தது. நேர்ந்துகொண்டவர்கள் பரணுக்குக் கீழே அறுத்தார்கள், கருத்தக்கண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார். தெருவில் பெரிய ஆட்கள் துண்டை இறக்கிவிட்டுப் பேயாண்டிக்கு வழிவிட்டார்கள். அவனுக்கு இது பிடித்திருந்தது, மறுக்க முடியாது. உச்சி வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்மாய்க்கு அப்பால் கருவேலங்காட்டுக்குள் போவான். நரம்புகளுக்கு அடியில் துண்டைத் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அந்த ஒரே பாட்டை வாசிப்பான். ஊரில் அதைப் பூசை என்று சொல்லிக்கொண்டார்கள்.

சோணை மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருளாயி ஒருநாள் தம்பியிடம் வாய்விட்டே கேட்டாள்.

"என்னப்பா சோணை, பொண்ணு விசயம் பேச வேண்டாமா?"

"என்னத்தப் பேசறது அக்கா? பெட்டி இல்லேன்னா நாளைக்கே கட்டிக் கொடுப்பேன். பெட்டி தூக்குறவனுக்கு வருசத்துல பாதி விரதம். எம் பொண்ணு பாதி வருசம் சுவத்தைப் பாத்துக்கிட்டா படுக்கணும்? எனக்குப் பேரன் வேணும். சாமி வேணாம்."

அடுத்த சந்தைக்குப் போனவர், மாட்டை விற்றுவிட்டு ஒரு மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்தார். மாசிப் பச்சை கழிந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு. அதே மாசிப் பச்சைக்குக் கருத்தக்கண்ணனும் நாள் வைத்துவிட்டார். கறுப்புப் பெட்டியை ஊர்ப் பெட்டியோடு கோயிலுக்குக் கொண்டுபோய் உள்ளறையில் வைத்துப் பூட்டுவது. பிறகு வருடத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பது.

கடலைக்காட்டு வரப்பில் ஒச்சாயி அவனை மறித்தாள். தலையில் புல்லுக்கட்டு. அவளுக்கு அதை இறக்கிவைக்கக்கூடப் பொறுமை இல்லை.

"மச்சான், எங்கய்யா பாத்துட்டு வந்த ஆளுக்கு எம்புட்டு வயசு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. முன்னால முடி இல்லையாம். அந்தப் பெட்டியில என்ன இருக்கு, சொல்லு."

"சொல்ல முடியாது ஒச்சாயி."

"சொல்லக்கூடாதா? சொன்னா கேவலமா?"

பேயாண்டி வரப்பில் ஊர்ந்த எறும்பைப் பார்த்தான். "ரெண்டாவது" என்றான்.

ஒச்சாயி புல்லுக்கட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டாள். "அப்ப சாமி இல்ல."

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீ ஒண்ணுமே சொல்ல மாட்டே. முடி இல்லாதவன் என்னைக் கூட்டிட்டுப் போறப்பவும் நீ எறும்பைப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பே. போறேன்."

அவள் போன பிறகு பேயாண்டி நேர்மையாக யோசித்துப் பார்த்தான். ஊர்ச் சாவடியில் நின்று 'அது கிட்டார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒச்சாயி கிடைப்பாள். சொல்லாவிட்டால் அவளும் போவாள், கிட்டாரும் பூட்டுக்குள் போகும். கணக்கு அவ்வளவுதான், குழந்தைக்குக்கூடப் புரியும். சொல்லப் போனான். சாவடியில் இருந்தவர்கள் அவனைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். "என்னப்பா?" என்று ஒருவர் பணிவாகக் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

மாசிப் பச்சை வந்தது. உறுமி முழங்க, பொம்பளைகள் குலவையிட, பேயாண்டி தலையில் துண்டைச் சும்மாடு கட்டிக் கறுப்புப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நடந்தான். முன்னால் ஊர்ப் பெட்டி. பக்கத்தில் வேப்பங்குழையோடு கருத்தக்கண்ணன். பின்னால், கடனே என்று சோணை. கோயில் மதில் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று பேயாண்டி நினைத்தபோது கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அலறல் கிளம்பியது.

ஒச்சாயிதான். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பேயாண்டிக்கு முன்னால் நின்று ஆடினாள். உறுமி நின்றது.

கருத்தக்கண்ணன் கையைக் குவித்தார். "வந்திருக்கிறது யாரு? என்ன குறைன்னு சொல்லு ஆத்தா, கேட்டுச் செய்யிறோம்."

"மூச்சு முட்டுதுடா!"

"எங்க ஆத்தா?"

"பொட்டிக்குள்ளடா! கடலத் தாண்டி வந்தும் காத்துக் காட்டலியேடா! தொறடா பொட்டிய!"

பேயாண்டி பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டான். குனிந்து, உதடு அசையாமல், "ஒச்சாயி, வேணாம்" என்றான்.

வேப்பங்குழை கருத்தக்கண்ணன் கையிலிருந்து அவள் கைக்கு எப்போது போனது என்று தெரியவில்லை. பளீர் என்று அவன் முதுகில் விழுந்தது.

"யாருடா ஒச்சாயி?"

"ஆத்தா, கோவப்படாதே" என்று கருத்தக்கண்ணன் குறுக்கே வந்தார். "நடை சாத்தி, உள்ள வச்சுத்தான் தொறக்கணும். அதுதானே மொறை?"

"மொறை உனக்காடா, எனக்காடா?"

பெட்டி இறங்கியது. தரையில் படாமல் இருக்க நாலு பேர் துண்டைப் பிடித்தார்கள். பேயாண்டி இரண்டு பித்தளைக் கொக்கிகளையும் நெம்பினான். கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் தூக்கினான்.

சிவப்பு வெல்வெட்டின்மேல் கிட்டார் பளபளவென்று மல்லாந்து கிடந்தது. சில பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இடுப்பு இருக்கு" என்றாள் ஒரு கிழவி எட்டிப் பார்த்து. "தலையத்தான் காணோம்."

"தொப்புளும் இருக்கு" என்றாள் இன்னொருத்தி. "எம்மாம் பெருசு!"

"பேயாண்டி" என்றார் கருத்தக்கண்ணன் தாழ்ந்த குரலில், "இது எந்தச் சாமி?"

"சாமி இல்ல. கிட்டார்."

"அது எந்த ஊர்த் தெய்வம்?"

"தெய்வம் இல்ல. வாசிக்கிற சாமான்." முகம் கொதித்தது. "நான் வாசிக்கிறது."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு உறுமிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், அவர் தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து ஒருவன் களுக்கென்றான். அவ்வளவுதான். துண்டைப் பிடித்திருந்த நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே ஆடியது.

"வாசிக்கச் சொல்லுடா!" என்று அலறினாள் ஒச்சாயி. அருள் இன்னும் இறங்கவில்லை.

அவன் வாசித்தான். முதல் தடவையாகத் துண்டு திணிக்காமல், வெட்டவெளியில் வாசித்தான். கொஞ்ச தூரம் நன்றாகவே போனது. அப்புறம் இத்தாலிக்காரன் அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்த இடம் வந்தது. விரல் தடுக்கியது. மறுபடி தொடங்கினான். மறுபடியும் அங்கேயே தடுக்கியது.

"மாப்ள, சாமிக்கு விக்கல் எடுக்குது, தண்ணி குடு!" என்று ஒருவன் கத்தினான்.

பேயாண்டி நிறுத்தினான். இதைவிட மோசமாக ஒன்றும் நடக்க முடியாது என்று தெரிந்ததும் அவனுக்கு உடம்பு லேசானதுபோல் இருந்தது.

கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊரை ஏமாத்தியிருக்கான். எத்தன கோழி அறுத்தோம்! இவனுக்கு அபராதம் போடணும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சோணை முன்னால் வந்தார். கிட்டாரை ஒருமுறை, மருமகனை ஒருமுறை பார்த்தார்.

"அண்ணே, கோழியத் தின்னது இந்தச் சாமானா, நீயா?"

"நான் சாமிக்குப் படைச்சதை..."

"அதான் சாமி இல்லேங்கிறானே. அப்ப யாருக்குப் படைச்சதைத் தின்னே? அவன் வாயத் தொறந்து சாமின்னு ஒரு வார்த்த சொன்னானா?"

இப்போது கூட்டம் கருத்தக்கண்ணனைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஊர்ப் பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டு வேகமாகக் கோயிலுக்கு நடந்தார்.

சோணை மருமகன் பக்கம் குனிந்தார். "மாப்ள, இதுக்கு விரதம் ஏதும் உண்டா?"

"இல்ல மாமா."

"பொம்பளை தொடலாமா?"

"தொடலாம்."

"சண்டைக்குப் போயிட்டு மேளம் தூக்கிட்டு வந்திருக்கே. வெளிய சொன்னா எனக்குத்தான் அசிங்கம்." பெருமூச்சு விட்டார். "முடி இல்லாதவன் வீட்டுக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிர்றேன்."

அருள் அந்த நிமிடத்தில் சரியாக இறங்கியது. ஒச்சாயி கீழே விழுந்தாள். விழுவதற்கு முன்னால் கல் இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டாள்.

வைகாசியில் கல்யாணம். உறுமி அடிக்க ஆள் வைத்தார்கள். நீயே வாசிச்சுக்கிட வேண்டியதுதானே மாப்ள என்று கேட்காதவர்கள் யாருமில்லை. பேயாண்டிக்கு ஒவ்வொரு தடவையும் காது சிவந்தது.

விருந்தெல்லாம் ஓய்ந்தபின் ஒரு சாயங்காலம், மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த ஒச்சாயியிடம் அவன் கேட்டான்.

"அது சாமி இல்லேன்னு உனக்கு நெசமாத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? சந்தேகந்தான்."

"சாமியா இருந்திருந்தா?"

"இருந்தா என்ன? அப்பவும் தொறந்துதான் பாத்திருப்பேன்."

பேயாண்டி கொஞ்சம் தயங்கினான். தெருவை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை.

"வாசிக்கவா?"

"பால் பீச்சி முடியட்டும் மச்சான்" என்றாள் ஒச்சாயி. "சத்தம் கேட்டா மாடு பால எறக்காம மடக்கிக்கிரும்."