சிரிப்புக்கு இடைக்காலத் தடை

ஒரு வருஷமாக என் மனைவி பாகீரதி என் ஜோக்குகளுக்குச் சிரிப்பதில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கோர்ட்டில் ஜப்தி செய்யும் ஆமீனாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் எத்தனை ஜோக்தான் இருக்கும்?

விஷயம் தம்பானூர் பல் கிளினிக்கில் தெரிந்தது. அவளுடைய கீழ்வரிசை முன்பற்களில் ஈறு இறங்கி, வேர் வெளியே தெரிந்தது. அதை மறைக்கத்தான் தலைப்பு. வீடு வீடாகப் போய் ஓட்டைப் பாத்திரத்தைக்கூட விடாமல் லிஸ்ட் எழுதியவன், எதிரே இருந்த வாயை ஒரு வருஷம் பார்க்கவில்லை.

டாக்டர் ரெம்யா "அட்டாச்மென்ட் லாஸ்" என்றார். எனக்கு அட்டாச்மென்ட் என்றால் ஜப்திதான். இங்கே அது, ஈறு பல்லைப் பிடித்திருக்கும் பிடிப்பாம், அது விட்டுப்போயிருக்கிறதாம்.

பாகீரதி என்னைப் பார்த்தாள். "பிடிப்பு விட்டுப்போச்சுன்னு டாக்டருக்கே தெரிஞ்சுடுத்து, கேட்டேளா?"

அண்ணத்திலிருந்து துளி சதை எடுத்து வேரின்மேல் வைத்துத் தைத்தார்கள். ஒட்டினால் வேர் மூடும். உதடு இழுபட்டால் தையல் நகர்ந்து எல்லாம் பாழ்.

"ரெண்டாழ்ச்ச அம்ம சிரிக்கான் பாடில்லா," என்றார் டாக்டர் மலையாளத்தில். இரண்டு வாரம் சிரிக்கக் கூடாது. சொன்னது என்னைப் பார்த்து.

கரமனை வீட்டில் நான் முகத்தைக் கோர்ட் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு ஆறின கஞ்சியை நீட்டினேன். வாய் திறக்க முடியாதவள் அடுத்த அறையிலிருந்து வாட்ஸாப் அனுப்பினாள்: "கஞ்சியில் இருந்த உப்பை ஜப்தி பண்ணியாச்சா?"

தெருவுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டால்? எதிர்வீட்டுச் சேஷன் உடம்புக்கு என்னவென்று விசாரித்தார். பதினாலு நாளும் இதே கதை: ஜோக் அவளுடையது, ஓட்டம் என்னுடையது.

தையல் பிரித்த அன்று டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். சதை ரோஸ் நிறத்தில் வேரைப் பற்றிக்கொண்டிருந்தது. பாகீரதி வெகுநேரம் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில், பயந்து பயந்து, பழைய ஜோக்கையே எடுத்தேன். ஒரு ஆபீசில் நாற்காலியை ஜப்தி பண்ணப் போனது, ஆபீசர் அதிலிருந்து எழுந்திருக்க மறுத்தது, "நாற்காலி ஒன்று, ஆபீசர் சகிதம்" என்று நான் லிஸ்டில் எழுதியது.

"இதை நூறு தடவை கேட்டாச்சு," என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். பாகீரதியின் ஒரு கை பஸ் கம்பியில் இருந்தது, இன்னொன்று என் கையின்மேல். வாயை மூட அவளிடம் கை மீதி இல்லை.