குனிந்தால் மறையும் முட்கள்

பதினோராவது பெட்டியும் அதே குற்றத்தைச் செய்தது.

சோதனைக் கருவியின் திரை நடுவே ஒரே ஒரு முள் நிற்க வேண்டும். நின்றது. கூடவே இடமும் வலமும் இரண்டு குட்டி முட்கள், அழைக்காத விருந்தாளிகள் மாதிரி. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். போகவில்லை.

ஒவ்வொரு பெட்டியும் தீப்பெட்டி அளவு ஆசிலேட்டர், மின்னலை எழுப்பும் கருவி. கொடுக்கிற வோல்ட்டேஜை ஏற்றி இறக்கினால் அதன் அதிர்வெண் ஏறி இறங்கும். செயற்கைக்கோளோடு பேசும் கருவிக்கு அதுதான் சுருதி. மொத்தம் நாற்பது. நாற்பதுக்கும் சால்டர் வைத்தவள் அடுத்த அறையில் இருக்கும் தங்கை. அவள் வேலை நிரந்தரமாவது இந்த நாற்பதை வைத்துத்தான். மூன்று மணிக்கு சூப்பர்வைசர் முடிவெழுதுவார்.

மனிதர் இரண்டரைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே தங்கையும்.

“என்னம்மா, தங்கச்சி கைவரிசையா?”

“அவ சால்டர் சுத்தமா இருக்கு சார். லென்ஸ் வச்சுப் பாத்துட்டேன்.”

“அக்கா ஒத்துக்கிட்டா போதுமா? மெஷின் ஒத்துக்கணுமே.”

அவர் குனிந்து, மூடி கழற்றிய பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி முட்கள் மாயம். நிமிர்ந்தார். திரும்ப வந்தன.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “சார், இன்னொரு தடவை குனியுங்க.”

“எதுக்கு?”

“குனியுங்களேன்.”

குனிந்தார். மாயம்.

“உங்களப் பாத்து பயப்படுது சார்,” என்றாள் தங்கை. “எங்கள மாதிரியே.”

பயமா, நிழலா? அக்கா மேஜை விளக்கை அணைத்தாள். ஒற்றை முள். போட்டாள். மூன்று முள்.

உள்ளே உற்றுப் பார்த்தாள். வோல்ட்டேஜ் சொல்கிறபடி அதிர்வெண்ணை மாற்றும் டையோடு, போன மாதம் வரை கறுப்பு உறையில் வந்தது. இப்போது கண்ணாடி உறை. கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும் விளக்கொளி அதற்குள் புகுந்து, அதிர்வெண்ணையும் துடிக்க வைத்திருக்கிறது.

“நான் மூடி போட்டுத்தானே அனுப்பினேன்?” என்றாள் தங்கை மெதுவாக.

அக்கா மேஜையில் கிடந்த மூடியைக் கையில் எடுத்தாள். சுருதி சரிசெய்ய மூடியைக் கழற்றுவது அவள். திரும்ப மூடி, ஆறு ஸ்க்ரூவும் முடுக்கிய பிறகே அளக்க வேண்டும் என்று சோதனைத் தாளின் முதல் வரி சொல்கிறது. நேரம் மிச்சம் என்று அவள் மூடாமலே அளப்பாள். கறுப்பு டையோடு இதுநாள் வரை காட்டிக்கொடுக்கவில்லை.

மூடி முடுக்கினாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒற்றை முள்.

தாளில் ‘பிழைக்குக் காரணம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ‘டையோடு’ என்று எழுதினால் அவள் தப்பிப்பாள். ஆனால் டையோடை மாற்ற நாற்பதையும் பிரிப்பார்கள், தங்கையின் வேலை நிரந்தர ஆர்டர் கிடப்பில் போகும்.

‘மூடாமல் அளந்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். “எத்தனை வருஷமா இப்படி?”

“பதினாறு சார்.”

“நாளைக்கு என் ரூமுக்கு வா.” தங்கையின் ஆர்டர் தாளை இழுத்து, அதில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

தங்கை ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள். “மூடுக்கா. பெட்டிக்கு ஆறு. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்.”