பூலோகம் சொன்ன விலை

தாராவியில் ஏழு குடித்தனங்கள் இருந்த 'சால்' என்னும் வரிசை வீடுகளின் முற்றத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம், உதுமான் பாயின் கூரைப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. 1964 மழைக்கு முன்பு, மரம் வெட்டும் பூலோகத்தை அழைத்து வந்து விலை கேட்டார்கள்.

அவர் மரத்தைச் சுற்றி வந்தார். கோடரியின் பின்பக்கத்தால் தட்டிக் காது கொடுத்தார்.

"உள்ள பொக்கு. அடியில வெட்டிச் சாய்க்க எடம் கெடையாது. மேல ஏறி, கொப்பு கொப்பாக் கயிறு கட்டித்தான் எறக்கணும். நாலு ஆளு, ரெண்டு நாளு. நூத்தஞ்சு ரூவா."

"வெறக நீரே எடுத்துக்கிட்டுக் கொறைச்சுச் சொல்லும்வே," என்றார் உதுமான்.

"அதையும் கழிச்சுத்தான் பாய் சொல்லுதேன்."

வீட்டுக்குப் பதினைந்து. தோல் பட்டறையில் வேலை பார்த்த வெயிலுமுத்துவின் அறை மரத்துக்கு மறுபுறம், கடைசியில் இருந்தது. கூரைக்குத் தகரம் வாங்க அவன் சேர்த்து வைத்திருந்ததே இருபது ரூபாய்தான்.

"எங்க பக்கம் அது விழாதுல்லா பாய்? நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றான்.

அவன் விலகியதும் அடுத்த அறைக்காரனும் விலகினான். பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. உதுமான் மட்டும் இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டாவது முறை வெயிலுமுத்து உள்ளே இருந்துகொண்டே, ஆள் இல்லை என்று மனைவி இசக்கியைச் சொல்லவைத்தான்.

ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை மரம் விழுந்தது. உதுமான் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மதீனா பீவி அடுப்படியில் இருந்தாள். கொப்புகளை விலக்கி அவளை வெளியே எடுத்தவர்களில் வெயிலுமுத்துவும் ஒருவன். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பூலோகம் மறுபடி வந்தார். இம்முறை தட்டிப் பார்க்கவில்லை.

"நாப்பது போதும். ஏறுத வேலை இல்லையே."

"நான் தாரேன்," என்றான் வெயிலுமுத்து, யாரும் வாய் திறப்பதற்கு முன்.

எதிர் வாசலில் உட்கார்ந்திருந்த உதுமான் நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம் அண்ணாச்சி. என் வீட்டு மேல கெடக்குத மரம். நானே குடுத்துக்கிடுதேன்."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வெயிலுமுத்துவால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

பட்டறைக்குப் போகாமல் அன்று முழுக்க அவன் ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தான். பூலோகம் நீட்டிய கூலியை வாங்கவில்லை.

அந்த வாரமே உதுமான் மாஹிமில் தம்பி வீட்டோடு போய்விட்டார். போகுமுன் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டார். இசக்கி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். கடைசி அறைக்கு அவர் வரவில்லை.