நஜீம் சேர் முக்குளிக்கப் போன கதை

பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிற என்ட மனிசன் நஜீம் சேர் கலியாணம் முடிச்சி எங்கட வீட்டுக்கு வந்து பதினாலு வருசம். சாய்ந்தமருதுல எங்கட வீட்டுல இரிந்து கடலுக்கு ரெண்டு ஒழுங்கைதான். ஒரு நாளாவது கால நனைச்சிருப்பாரா? மீன் நாத்தமாம். என்ட வாப்பா தோணிக்காரர். அந்த மீனுலதான் இவர் காலை நீட்டிப் படுக்கிற வீடே எழும்பின.

அப்பிடிப்பட்ட மனிசன் ஒரு நாள் பேஸ்புக்குல எதையோ பாத்திட்டு வந்து நிக்காரு. "ஜெனூபா, நிலாவெளியில ஸ்கூபா டைவிங் பழகப் போறன். நாலு நாள். முடிஞ்சா ஒரு கார்ட் தருவாங்க. அது கையில இரிந்தா உலகத்துல எந்தக் கடலுக்குள்ளயும் இறங்கலாம்."

வீட்டுக்குப் பின்னால இரிக்கிற கடலுக்கு இறங்க ஏலாதவருக்கு உலகக் கடல் கேக்குது!

போறது எப்ப? நோம்பு லீவுல. எங்கட முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு அப்பதானே நீட்டு லீவு. "நோம்பு?" எண்டு கேட்டன். "பயணக்காரனுக்கு நோம்பு விடச் சலுகை இரிக்கி. விட்டத மறுகா களாவாப் புடிச்சிக் குடுக்கலாம்" எண்டாரு. ஊரே நோம்புட கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசல்லயே தங்கி வணங்கி இஃதிகாப் இரிக்கக்குள்ள, இவர் கடலுக்கடியில இஃதிகாப் இரிக்கப் போறாராம். பசி தாங்காத வயித்துக்கு மார்க்கச் சட்டம் ஒண்டு வேற. தூ!

மாஸ்க்க வாங்கி, குளியலறைக்குள்ள நிண்டு போட்டோ எடுத்து, பள்ளிக்கூடத்து மாஸ்டர்மாருக்கெல்லாம் அனுப்பி முடிஞ்சி. வேலையெல்லாம் எனக்கு. அறை புக் பண்ணுறதும் நான், திகதி போடுறதும் நான். முதல் பாடங்கள ஒன்லைன்ல படிச்சிப் பரீட்சை எழுத வேணுமாம். "உன்ட மெயில்லயே போட்டு நீயே எழுதிடுகா, எனக்கு உதுக்கெல்லாம் நேரமில்ல" எண்டு சொல்லிட்டுப் புரண்டு படுத்தாரு.

முதல்ல கோவத்துலதான் படிச்சன். மூச்ச ஒரு நாளும் அடக்கப்படாது, காது அடைச்சா மூக்கப் புடிச்சி ஊதணும், மெதுவா மேல வரணும். படிக்கப் படிக்க எனக்குப் பித்துப் புடிச்சிட்டு. பதினொரு வயசு வரைக்கும் வாப்பாட தோணிக்குப் பின்னால நீந்தினவள் நான். வயசுக்கு வந்த அண்டைக்கு உம்மா கரைக்கு இழுத்தெடுத்தா. அதோட சரி. இந்த ஒரு தரம் இறங்காட்டி இனி மவுத்தாகிற வரைக்கும் இறங்க மாட்டன் எண்டு விளங்கிட்டு.

கடைசியா, திகதியும் உடம்புச் சுகமும் எழுதி நிரப்பச் சொல்லி ஒரு போம் வந்த. இழுப்பு இரிக்கா எண்டு ஒரு கேள்வி. மூச்சு இழுக்கக்குள்ள இவர் வாய்க்குள்ள அடிக்கிற பம்ப் எந்த நேரமும் என்ட பேக்குக்குள்ளதான் கிடக்கும். "டொக்டர்ட கடிதம் வேணுமாம்" எண்டு சொன்னன்.

"எல்லாத்துக்கும் இல்லண்டு போடு. நீ என்ன டொக்டரா?"

"மச்சான், கீழ போய் இழுத்தா மேல வாறது மையத்துதான்."

"மீன்காரன்ட மகள் எனக்குப் படிப்பிக்கிறாவு. சொன்னத எழுதுகா!"

எழுதினன். எல்லாத்துக்கும் இல்லண்டுதான் எழுதினன். ஒரு பொய்யும் எழுதல்ல.

நிலாவெளியில அந்த இடத்த நடத்துறவர் வேலப்போடி, வினாயகபுரத்து ஆள். கடதாசியப் பாத்திட்டு, "ஜெனூபா ஆரு? பரீட்சையில நல்ல புள்ளி எடுத்திருக்கிறீங்க தங்கச்சி. பொம்புளையளுக்கு என்ட மகள்தான் பழக்கிற" எண்டாரு.

மனிசன்ட முகத்தப் பாக்கணுமே! "பேர் மாறிட்டு. நான்தான் இறங்கிற" எண்டு பாய்ஞ்சாரு.

நான் பேக்கத் திறந்து பம்ப எடுத்து மேசையில வச்சன். "இது இவர்ர. போமுல இரிக்கிற பேரும் உடம்பும் என்ட."

"டொக்டர்ட கடிதம் இல்லாம ஏலாது சேர்" எண்டு வேலப்போடி முடிச்சிட்டாரு.

"பொம்புளை கடலுக்குள்ள இறங்கிறது ஹறாம்! அதுவும் நோம்பு நாளையில!" இது நோம்ப விட்டவர் தந்த பத்வா. எனக்கு அந்த நாலு நாளும் நோம்பு இல்ல. மாசத்துல எல்லாப் பொம்புளையளுக்கும் வாற நாள், அல்லாஹ் தந்த லீவு. எண்ணிப் பாத்துத்தான் திகதி போட்டன். வீட்டுக்குள்ள இரிக்கிற பொஞ்சாதிர கணக்கு இவருக்கு என்னத்துக்குத் தெரியப் போகுது?

உடம்பு முழுக்க மூடின கறுப்பு உடுப்பு, தலைக்கும் உறை. வேலப்போடிர மகள் என்ட கையப் புடிச்சிக் கீழ கொண்டு போனாள். காது அடைச்ச, மூக்கப் புடிச்சி ஊதினன், திறந்துட்டு. என்னச் சுத்திக் கிளிமீன். ஒரு சத்தமில்ல, ஒருத்தர்ட ஏச்சில்ல. மாஸ்க்குக்குள்ள அழுதன்.

கரைக்கு வந்தா, இவர் தென்னைக்குக் கீழ குந்திக்கிட்டு பட்டப்பகல்ல பணிஸ் தின்னுறாரு. மறு கையில போன். போட்டோ எங்க எண்டு மாஸ்டர்மார் கேட்டுக் கேட்டு அனுப்புறாங்க போல. என்னப் பாத்ததும் எழும்பினாரு. குரல் இறங்கிக் கிடந்த.

"கீழ என்னகா இரிக்கி?"

பதினாலு வருசத்துல, தனக்குத் தெரியாத ஒண்ட எனக்கிட்டக் கேட்ட முதல் தரம்.

"முதல்ல வாயத் துடைங்க மச்சான், நோம்பு நாள்" எண்டு சொல்லிட்டு, அடுத்த சிலிண்டர எடுக்கப் போனன்.